எட்டாம் நம்பர் அறிக்கை

கேட்காத வேலைக்குக் கை தூக்குகிற வியாதி எனக்கு வாலிபத்திலேயே இருந்தது. அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் பி.எஸ்சி. படித்தபோது, கல்லூரியின் வசதிகள் மாணவர்களுக்குப் போதுமா என்று விசாரித்து அறிக்கை தர ஓர் ஆள் கேட்டார்கள். என் கைதான் முதலில் எழுந்தது. (வேறு கையே எழவில்லை என்பதையும் கவனித்திருக்கலாம்.)

எனக்கும் ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. வாசகசாலையை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள். தாராவியில் எங்கள் ஒற்றை அறைதான் வீடு. அதுவேதான் வாப்பாவின் செருப்புப் பட்டறையும். சுத்தியல் சத்தத்தில் கெமிஸ்ட்ரி மண்டையில் ஏறவில்லை. அந்த வருஷம் தேறாவிட்டால் நானும் சுத்தியலைப் பிடிக்க வேண்டியதுதான்.

நூறு பேரிடம் படிவம் கொடுத்து எழுதி வாங்கினேன். அந்தப் படிவங்களைக் கட்டாகக் கட்டி, தோல் வெட்டும் பலகைமேல் வைத்துவிட்டு, பல்கலைக்கழகத்தையே தாங்குகிறவன் மாதிரி தூங்கினேன். விடிந்து பார்த்தால், பலகை நிறையக் காகிதப் பாதங்கள்.

"வாப்பா, என்ன செஞ்சீங்க?"

"எழுதி முடிச்ச பேப்பருதானலே. கெட்டியா இருந்துச்சு, செருப்புக்கு உள்ள வைக்க வெட்டுனேன். பாதி ஒட்டியாச்சு."

பத்து மணிக்குக் கல்லூரியில் அறிக்கை தரவேண்டிய கூட்டம். மிச்சத்தை அள்ளிக்கொண்டு ஓடினேன். மாட்டுங்காத் தமிழரான எங்கள் முதல்வர் ஒரு பாதத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"வலது கால் சார். எட்டாம் நம்பர்." (பதற்றத்தில் உண்மைதான் வந்தது.)

பேராசிரியர்கள் சிரித்த சிரிப்பு சயான் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். எனக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. முதல்வர் மட்டும் சிரிக்கவில்லை.

"இதைப் போய் செருப்புப் பட்டறையில ஏன் வச்சே?"

"வீடே அதுதான் சார்."

"அப்போ எங்கே படிக்கறே?"

"தோல் வெட்டுற பலகைமேலதான் சார். வாப்பா வேலை முடிஞ்ச பொறவு."

அவர் பாதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். குதிகால் பக்கம் கடைசிக் கேள்வி மட்டும் தப்பியிருந்தது: வாசகசாலை எத்தனை மணி வரை வேண்டும்? ஏறக்குறைய எல்லாக் குதிகாலிலும் 'ஒன்பது' என்றிருந்தது.

அடுத்த வாரமே வாசகசாலை ஒன்பது மணி வரை திறந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து படித்துத் தேறினேன். பம்பாயில் யார் யாரோ எங்கள் மற்றக் குறைகளை மிதித்துக்கொண்டு நடந்தார்கள்.

அந்த வாசகசாலையை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான். வாப்பாவுக்கு அப்போதே என்னைவிட அதிகம். "இவன் எழுதி வாங்குனான், சரி. அளவா வெட்டிக் குடுத்தது யாருன்னு கேளுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். இப்போதும் எங்கள் வீட்டில் யார் மனு எழுதினாலும், உறையில் போடுவதற்கு முன் ஒரு குரல் வரும்: "அளவா வெட்டியாச்சா?"