பரவாயில்லைக்கு எத்தனை மதிப்பெண்?

துணியை அளப்பவர், நிலத்தை அளப்பவர், கதை அளப்பவர் எல்லாரையும் பார்த்திருப்பீர்கள். மனசை அளப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? பல்கலைக்கழக உளவியல் துறையில் ஒருவர் இருக்கிறார். சக ஊழியர்கள் வைத்த பெயர் ஸ்கேல் சார். சந்தோஷம், சலிப்பு, பொறாமை, மாமியார்மேல் மரியாதை, எதைக் கொடுத்தாலும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அடக்கித் திருப்பித் தந்துவிடுவார். தலைவலி என்றால் மாத்திரை தரமாட்டார், "அஞ்சுக்கு எத்தனை?" என்பார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, நேற்றைவிட இன்று எவ்வளவு குறைந்திருக்கிறது என்று விசாரித்தவர்.

கெட்ட மனிதரா? இல்லவே இல்லை. அளக்காததை நம்பப் பயம், அவ்வளவுதான்.

இப்போது அவர் பிடித்திருப்பது மணவாழ்க்கைத் திருப்தி. நாற்பது ஆங்கிலக் கேள்விகளைத் தமிழாக்கி, முதல் சோதனைக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறதே என்று ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியின் முன்னால் உட்கார்ந்தார். அந்த அம்மாள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்கு; திரும்பும் தேதி சொல்லவில்லை. மூன்று மாதமாக இந்த மனிதர் அவரிடம் பேசியதெல்லாம் கேள்விகள்தான். பெட்டியைப் பார்த்ததும் ஸ்கேல் சார் பயந்துதான் போனார். கையைப் பிடித்திருக்க வேண்டாமா? பேனாவைப் பிடித்தார்.

"உங்கள் துணைவர் உங்களைப் புரிந்துகொள்கிறாரா?"

"பரவாயில்லை."

பேனா நின்றது. பரவாயில்லை என்றால் மூன்றா? 'பரவாயில்லையே!' என்று புருவத்தைத் தூக்கினால் நாலரை. காலை மிதித்தவரிடம் சொன்னால் மன்னிப்பு. இன்னொரு கோப்பை டீ நீட்டியவரிடம் சொன்னால் வேண்டாம். அசல் வினாத்தாளை எழுதிய மகானுபாவர்களுக்கு இப்படி ஒரு சொல் உலகத்தில் இருப்பதே தெரியாது.

"எந்தப் பரவாயில்லைம்மா? மூணா, நாலா?"

"போதும், விட்டுடுங்கங்கிற பரவாயில்லை."

"அதுக்குக் கட்டமே இல்லையே!"

"எனக்கே இங்க இடமில்ல, அதுக்கு எங்க இருக்கும்?"

பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு அந்த அம்மாள் நிமிர்ந்தார்.

"நானும் ஒண்ணு கேக்கறேன். எழுதாம பதில் சொல்லுங்க. நான் போகட்டுமா, இருக்கட்டுமா?"

'இரு' என்ற சொல் ஸ்கேல் சாரின் தொண்டைவரை வந்தது, சத்தியமாக வந்தது. அதற்குள் இருபது வருஷத் தொழில் முந்திக்கொண்டது.

"ஒரே கேள்வியில ரெண்டு விஷயம் கேக்கக் கூடாதும்மா, பதில் செல்லாது. தனித்தனியாக் கேளு."

அந்த அம்மாள் தனித்தனியாகவே செய்தார். முதலில் பெட்டி வெளியே போனது, பிறகு அவர்.

கதவு சாத்திய சத்தத்தில்தான் மனிதருக்கு உறைத்தது. செருப்புக்கூட மாட்டாமல் மூன்று மாடி இறங்கி ஓடி, அடிவயிற்றிலிருந்து "இரு!" என்று அவர் கத்தியபோது டாக்ஸி தெருமுனை திரும்பிவிட்டது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? 'அந்த ஆள்மேல் முக்கால்வாசித் தப்பு, அந்த அம்மாள்மேலும் கால்வாசி இருக்கிறது' என்று இதற்குள் அளந்து பிரித்துப் போட்டாயிற்று, இல்லையா? எழுந்து போய், வீட்டில் எல்லாரும் இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.