மூளைக் கதிரும் மூன்றாவது நாற்காலியும்

பூட்டிக் கிடக்கும் ராணுவ முகாமில் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. அதனால்தான் வேலியோரம் இவ்வளவு கூட்டம். உள்ளே அரசாங்கம் ரகசியமாக மூளைக் கதிர்ச் சோதனை நடத்தியதாம். ஆதாரம் எங்கே என்றால், அழித்துவிட்டார்களாம். அழித்ததற்கு ஆதாரம்? எதுவுமே கிடைக்கவில்லையே, அதுதான்.

இதைக் கண்டுபிடித்தவரை எல்லோரும் மேஜர் என்கிறார்கள். எந்தப் படையில் மேஜர் என்று கேட்டால், அதுவும் ரகசியம். வேலிக்கு எதிரே கொட்டகை போட்டு, கையில் ஒரு கருவியோடு உட்கார்ந்திருக்கிறார். தலைக்கருகே கொண்டுபோனால் அது கீச்சிடும். கீச்சிட்டால் கதிர் பட்டிருக்கிறது என்று பொருள். அவர் விற்கும் சாம்பல் நிறக் கவச அங்கியை மாட்டிக்கொள்ள வேண்டும். கீச்சிடாத தலையை நான் இதுவரை பார்க்கவில்லை.

அக்காவின் தலைக்கு நீளமாகக் கீச்சிட்டது. அவளுக்கு வலிப்பு உண்டு. சலவைக் கடையில் கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியோடு நிற்பவள். அங்கி வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டாள். போன வாரம் பெட்டியைப் பிடித்தபடியே விழுந்தாள். முழங்கை வெந்துபோனது.

"மாத்திரை போட்டா கதிர் உள்ளயே தங்கிடுமாம்டா," என்றாள்.

இத்தனை பேர் நம்பும்போது நான்தான் முட்டாளோ என்று எனக்கே சந்தேகம். நான் போகும் மாலை அறிவியல் வகுப்பில் கேட்டது ஒன்றுதான் கைகொடுத்தது: சோதிப்பவருக்கு விடை முன்கூட்டியே தெரியக் கூடாது.

இன்று கொட்டகையில் மேஜரைக் கேட்டேன். "சார், இந்தக் கருவிக்குக் கண்ணு வேணுமா?"

"அதுக்கு எதுக்குப்பா கண்ணு? தானா கண்டுபிடிக்கும்."

"அப்ப உங்களுக்கும் வேணாமே. கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு தடவை பாருங்க."

அற்புதம் பார்க்கப் போகிறோம் என்று கூட்டம் கைதட்டியது. அவரால் மறுக்க முடியவில்லை. கூட்டத்திலிருந்த மளிகைக் கடைக்காரர் தன் துண்டால் அவர் கண்ணை இறுக்கிக் கட்டினார். அக்காவையும் சேர்த்து நான்கு பேரை ஐந்து நாற்காலிகளில் உட்காரவைத்தேன். மூன்றாவதில் ஆள் இல்லை. ஓர் அங்கியை மட்டும் தொங்கவிட்டேன். பேசாதீர்கள் என்று எல்லோருக்கும் சைகை காட்டிவிட்டு, மேஜரின் முழங்கையைப் பிடித்து வரிசையில் நடத்தினேன்.

முதல் தலைக்குக் கீச்சிட்டது. இரண்டாவதற்கும். மூன்றாவதற்குக் கருவி ஊளையே இட்டது.

"பாவம்," என்றார் மேஜர், குரல் தழுதழுக்க. "இவருக்கு மூளை முழுசா போயிடுச்சு. ரெண்டு அங்கி வேணும்."

அப்போதும் ஒருவர், நாற்காலியையும் சோதனை பண்ணியிருப்பாங்களோ என்று முணுமுணுத்தார். மளிகைக் கடைக்காரர் கருவியைப் பிடுங்கித் திருப்பினார். கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான். கொட்டகைத் தூணுக்கு அமுக்கினார், கீச்சிட்டது. மேஜரின் தலைக்கு அமுக்கினார், கீச்சிட்டது.

நான்காவது நாற்காலியிலிருந்து அக்கா எழுந்தாள். தன் அங்கியைக் கழற்றி மூன்றாவதின் மேல் போட்டாள்.

"அதுக்குத்தானே ரெண்டு வேணும்னார்," என்றாள். பிறகு என்னிடம் கையை நீட்டினாள். சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த மாத்திரையைக் கொடுத்தேன்.

அந்த நாற்காலியைக் குறை சொல்ல முடியாது. அதற்கு மூளை கிடையாது. மற்ற நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யோசிக்கலாம்.