முனியாண்டி சோறும் தப்பு டிரெசரும்

வாயைத் திறந்தால் தப்பாகவே பேசி, அதனாலேயே ஒரு தோட்டத்தின் மரியாதை முழுவதையும் சம்பாதித்த மனிதர் இந்த மலாயா தேசத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர். மருந்து கலக்குவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், ஊசி குத்துவார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் தொழிலாளர் லயத்துக் குழந்தை முதல் கங்காணி வரை எல்லோருக்கும் அவர் ‘தப்பு டிரெசர்’.

பெயரை மட்டும் கேள்விப்பட்ட மந்தின் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தார், ஒரு சாவுக்குத் தப்படிக்க அவரை அழைத்துவர வெற்றிலை பாக்கோடு ஆள் அனுப்பிவிட்டார்கள். டிரெசர் கோபித்துக்கொள்ளவில்லை. வந்தவனை உட்கார வைத்து, "பிரேதத்தை எடுத்த பிறகுதானே உங்கட ஆக்கள் தப்பு அடிக்கிறது?" என்று கேட்டார். அவன் பதறிப்போனான். சாவு விழுந்ததும் அடிக்கும் அடி, பாடை கட்டும்போது அடிக்கும் அடி, இடுகாட்டு வழியில் அடிக்கும் அடி என்று ஒவ்வொன்றையும் மருந்து மேசைமேல் தட்டிக் காட்டினான். அவன் காட்டி முடிப்பதற்குள் அங்கே புதைத்துவிட்டு எல்லோரும் குளிக்கப் போய்விட்டார்களாம்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அவசரகாலம் அமலில் இருந்த நேரம் அது. சிதறிக் கிடந்த லயத்து வீட்டு வரிசைகளை ஒரே இடத்தில் திரட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, வாசலில் துப்பாக்கியோடு காவல்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பருக்கை சோறுகூடப் போகக்கூடாது என்பது சர்க்கார் கட்டளை. காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் மடியைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். சோறு கொண்டு போய் மாட்டிக்கொண்டால் சிறைதான்.

இப்படி எல்லோரும் ஒரே வேலிக்குள் அடைபட்டதைப் பண்பாட்டு ஆராய்ச்சிக்குக் கிடைத்த வசதி என்று நினைத்த பைத்தியங்கள் அந்தத் தோட்டத்தில் இரண்டே பேர். ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டிரெசர். இன்னொருவன் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியாராகிய நான்.

என் ஆராய்ச்சி முறையானது. கோட்டு போட்டுக்கொண்டு, பென்சிலைச் சீவிக்கொண்டு மாலையில் வீடு வீடாகப் போவேன். "உங்கள் குலதெய்வ வழிபாடு எவ்வாறு நடைபெறும்?" என்று கேட்பேன். வீட்டுக்காரர் கைகட்டி எழுந்து நின்று, "அதெல்லாம் நல்லபடியா நடக்குதுங்க வாத்தியாரே" என்பார். "உங்கள் வீட்டில் என்னென்ன சடங்குகள் உண்டு?" என்றால், "ஐயோ, நாங்க அந்த மாதிரி வம்புக்கெல்லாம் போறதில்லீங்க" என்று கதவைச் சாத்துவார்கள். கேள்வி கேட்கிறவன் எல்லாம் போலீஸ்காரன் என்றிருந்த காலம். என் மீசையும் அதற்குத் தோதாக இருந்தது.

டிரெசரோ ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். கால் புண்ணுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், "உங்கட சனம் பொண்ணு பெரிசானா ஒருத்தருக்கும் சொல்லாமல் மறைச்சுப்போடுறது எண்டு கேள்வி" என்பார்.

அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வரிசை கொதித்து எழும்.

"யாரு சொன்னா டிரெசரய்யா? தாய்மாமன் சீர் வரிசையோட வருவாரு தெரியுமா?"

"பச்சை ஓலையில குடிசை கட்டுவோம்யா!"

"எங்க பக்கம் குடிசை கட்டுறது மாமன்தான். உங்க பக்கம்தான் கூலிக்கு ஆள் வச்சுக் கட்டுவீங்க."

"யாருடி கூலிக்கு ஆள் வச்சது?"

சேலத்துக்காரரும் வட ஆற்காட்டுக்காரரும் தங்களுக்குள் சண்டை பிடித்து, இரண்டு பக்கத்து வழக்கத்தையும் கொட்டித் தீர்ப்பார்கள். டிரெசர் "அப்பிடியோ! நான் பிழையா விளங்கிட்டன்" என்று வருத்தமாகத் தலையாட்டுவார். அந்த வருத்தத்தைப் பார்த்து இன்னும் நாலு விஷயம் சேர்த்துச் சொல்வார்கள். காய்ச்சல் விட்டுப்போனவர்கள்கூட அவரைத் திருத்துவதற்காகவே மறுநாளும் வருவார்கள்.

வயிறு எரிந்தது எனக்கு. ஒரு நாள் நேராகவே கேட்டேன். "இதெல்லாம் எங்கே எழுதி வைக்கிறீர்கள்?"

"எழுதுறதோ? பென்சிலைக் கண்டால் ஆக்கள் சட்டை போட்டுக்கொண்டெல்லோ கதைப்பினம், மாஸ்டர்."

"பிறகு எதற்கு இத்தனை பாடு?"

"தெரியாமல் இருக்கிறது எனக்குப் பிடிக்கேல்லை."

எழுதாத மனிதனுக்கு எல்லாம் கிடைக்கிறது. சிங்கப்பூர்ப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதத் துடிக்கிறவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இதைவிட அநியாயம் இருக்க முடியாது என்று நினைத்தேன். இருந்தது.

என் மனைவி செல்லம் லுக்குட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அன்று தொண்டை வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் பின்னால் பத்துப் பதினைந்து பேர், கண்ணெல்லாம் கலங்கி. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"வாத்தியாரே, நீங்க உசுரோடதான் இருக்கீங்களா?"

"ஏன், என்ன?"

"உங்க வீட்டம்மா ஆஸ்பத்திரியில உக்காந்து ஒப்பாரி வைக்குதுங்களே!"

விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். அங்கே செல்லம் தலைமுடியைக் கொண்டை போட்டபடி சிரித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டிரெசரும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்தது இதுதான். "உங்கட பக்கத்து ஒப்பாரி சும்மா கத்துறதுதானே, பாட்டு எண்டு ஒண்டும் இல்லைத்தானே" என்று டிரெசர் சொல்லியிருக்கிறார். செல்லத்துக்குப் பொறுக்கவில்லை. ஒன்று பாடிக் காட்டியிருக்கிறாள். செத்தவர் ஒருவர் வேண்டுமல்லவா? கைவசம் இருந்தவன் நான். ‘பலகையில எழுதி வச்சுப் பாதியில போனீரே’ என்று தொடங்கியிருக்கிறாள்.

அன்று மாலை வீட்டில் கேட்டேன். "உனக்கு ஒப்பாரி தெரியும் என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான்தான் கேட்டேனே!"

"கேட்டீங்க. ‘செல்லம், உனக்கு ஒப்பாரி பாடத் தெரியுமா?’ன்னு கேட்டீங்க. புருஷன் கேக்கிறப்போ ‘ஆமாங்க, நல்லாப் பாடுவேன்’னு எவளாச்சும் சொல்வாளா? வாயில அடிச்சுக்க மாட்டாளா?"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். என் மனைவி என்னை எப்படி அழுவாள் என்று ஊரே கேட்டாகிவிட்டது. கேட்காதவன் நான் ஒருவன்தான். மற்ற புருஷன்மார் வேறு விஷயங்களுக்குப் பொறாமைப்படுவார்கள். நான் என் சாவைப் பாட்டாக வேறொருவர் கேட்டுவிட்டாரே என்று இரவெல்லாம் புரண்டு படுத்தேன்.

சரி, அந்த வித்தையை நாமும் செய்தால் என்ன என்று தோன்றியது. அடுத்த மாலை கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு லயத்துக்குப் போனேன். பிள்ளைகள் இருவரைப் பள்ளிக்கு அனுப்பியிருந்த ஒரு வீட்டில் உட்கார்ந்து, முகத்தை அப்பாவிபோல் வைத்துக்கொண்டு, "ஆடி மாசத்தில் அம்மனுக்கு ஊற்றும் கூழில் சர்க்கரைதானே போடுவீர்கள்?" என்றேன்.

வீட்டுக்காரரும் அவர் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆமாங்க வாத்தியாரே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பத்து வீட்டில் பத்துத் தப்புச் சொன்னேன். பத்துக்கும் அதே பதில். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த ஆடியில் கோயிலில் ஊற்றிய கூழ் தித்தித்தது. உப்பும் வெங்காயமும் கேட்ட நாக்குகள் திண்டாடின. யாரும் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "வாத்தியாரய்யா புஸ்தகத்துல பார்த்துச் சொன்னாருலா" என்றார்கள். மக்களின் பழக்கத்தை அறியப் போய், இருந்த பழக்கத்தையும் கெடுத்துவிட்டு வந்தேன். டிரெசர் இரண்டு குவளை வாங்கிக் குடித்துவிட்டு, "நல்ல ருசி, மாஸ்டர்" என்றார். அந்த மனிதரை அப்போது வெறுத்த அளவு நான் யாரையும் வெறுத்ததில்லை.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் அந்த விபரீதம் நடந்தது.

எங்கள் தோட்டத்துக் காட்டோரத்தில் முனியாண்டி சாமி இருந்தார். வேலி வந்த பிறகு அவர் வேலிக்கு வெளியே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் பால்வெட்டுக்காரி கன்னியம்மாளுக்குக் கைக்கட்டு மாற்றிக்கொண்டிருந்த டிரெசர், வழக்கம்போல், "பாவம் முனியாண்டி. இப்ப சோறு ஒண்டும் கொண்டு போறதில்லைத்தானே?" என்று சொன்னார்.

"யாரு சொன்னா? போன வெள்ளிகூட காட்டுக்குச் சோறு கொண்டு போனேனே! பால் வாளிக்கு அடியில வச்சு!"

கழுத்தில் கட்டியோடு அன்று வரிசையில் உட்கார்ந்திருந்தார் ஒரு மலாய்க் காவல்காரர். அவருக்குத் தமிழில் மூன்று வார்த்தைதான் தெரியும். ‘காடு’, ‘சோறு’, ‘கொண்டு போ’. மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்து விழுந்தன. "சியாப்பா முனியாண்டி?" என்று யார் அந்த ஆள் எனக் கேட்டபடி அவர் எழுந்தார்.

மத்தியானமே வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். இளம் வயது; மூக்கு வெயிலில் உரிந்து போயிருந்தது. கன்னியம்மாளையும், பேச்சை எடுத்த குற்றத்துக்காக டிரெசரையும் விலங்கு போட்டு நிறுத்தி, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுத் திடலுக்கு எல்லோரையும் வரவழைத்தார். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். கன்னியம்மாளின் கைக்குழந்தை யாரோ ஒருத்தியின் இடுப்பில் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"முனியாண்டி எங்கே இருக்கிறான் என்று துரை கேட்கிறார்" என்றேன்.

"தெரியாதுங்க" என்றது கூட்டம்.

"சோறு கொண்டு போனது உண்டா?"

"சோறா? எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

கன்னியம்மாளைக் கேட்டேன். "முனியாண்டியை நான் பார்த்ததே இல்லீங்க" என்றாள். சாமியை யார் பார்த்தது! முனியாண்டி தெய்வம் என்று நானே இன்ஸ்பெக்டரிடம் எடுத்துச் சொன்னேன். "தெய்வமென்றால் ஏன் தெரியாது என்கிறார்கள்? சரி, தெய்வமாகவே இருக்கட்டும். அந்தச் சோற்றைக் கடைசியில் தின்றது யார்?" என்றார் அவர். நல்ல கேள்வி. தோட்டத்து மக்கள் வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை எழுதப் புறப்பட்ட எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. கூட்டத்தைக் கேட்டேன். எல்லோரும் கைகட்டித் தரையைப் பார்த்தார்கள். லாரியைத் திருப்பி நிறுத்தச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

டிரெசர் மெதுவாக என் பக்கம் சாய்ந்தார். "மாஸ்டர், கேள்வியை விடுங்கோ. துரை மனசில என்ன நினைக்கிறாரோ அதைச் சொல்லுங்கோ. உரக்கச் சொல்லுங்கோ."

விளங்கிவிட்டது. நான் சொன்ன தப்பைத்தான் யாரும் திருத்த மாட்டார்கள். இது துரையின் தப்பு. மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினேன்.

"துரை சொல்லுகிறார்! முனியாண்டி ஒரு திருட்டுப் பயலாம்! காட்டில் ஒளிந்து கிடந்து, நம்ம சோற்றைத் தின்று வயிறு வளர்க்கிறானாம்!"

திடல் வெடித்தது.

"யாரைய்யா திருட்டுப் பய?" முதல் குரல் கன்னியம்மாளுடையது. விலங்கு போட்ட கையோடு இன்ஸ்பெக்டரை நோக்கி நடந்தாள். "எங்க ஐயா ஒரு பருக்கை தொட்டிருப்பாரா? படைச்சு, கும்பிட்டு, அங்கனயே நாங்கதான் தின்னுட்டு வருவோம்! ஒரு வாய் மிச்சம் வச்சாக்கூடக் குத்தம்!"

"காக்காய்க்கு ஒரு பிடி வைக்கணும்!" என்றார் கங்காணி.

"அது உங்க ஊர் வழக்கம்! இங்க வைக்கிறதில்ல!"

"வைப்போம்!"

"சுருட்டை விட்டுட்டீங்களே, துரைகிட்டச் சுருட்டைச் சொல்லுங்க!"

என்ன சொல்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "உங்களைத் திருத்துகிறார்கள்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் அவரை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டது. காட்டோரத்து மரத்தடியில் மஞ்சள் பூசிய கல், ஒரு இரும்பு வேல், பாதி எரிந்த சுருட்டு. கிட்டப் போன துரையைப் பெண்கள் மறித்துப் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். வெறுங்காலோடு அரை மணி நேரம் நின்று, நான் மொழிபெயர்க்க, காக்கைக்கு வைப்பதா வேண்டாமா என்ற வழக்கை முழுவதும் கேட்டார். சோறு படைத்தவர்கள் வயிற்றுக்கே போகிறது என்று தெரிந்ததும் இரண்டு விலங்கையும் அவிழ்க்கச் சொன்னார். இனி வெள்ளிக்கிழமைகளில் காவலோடு போய்ப் படைக்கலாம் என்று உத்தரவாயிற்று.

தொண்டை என்னுடையது, யோசனை அவருடையது. கூட்டம் திரும்பி வரும்போது டிரெசரைத்தான் சூழ்ந்துகொண்டு வந்தது. என்னிடம் ஒருவர், "வாத்தியாரே, நீங்க எதுக்கு அப்படி முனியாண்டியைத் திட்டினீங்க?" என்று வருத்தப்பட்டார்.

போலீஸ் விட்டாலும் தோட்டத்து மானேஜர் விடவில்லை. வாயால் வம்பு வளர்க்கும் ஆள் வேண்டாமென்று டிரெசரைப் பெடாஸ் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார். ஒரு பெட்டி, ஒரு பாய். லாரியில் ஏறும்போது, "நாங்கள் போறவைக்கு அழுறதில்லை, நீங்களும் அப்பிடித்தானே?" என்றார். யாரும் திருத்தவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

இனி களம் எனக்குத்தான் என்று இருந்தேன். புதிதாக வந்த டிரெசர் மருந்து மட்டும் கொடுத்தார். ஆஸ்பத்திரி வரிசை சத்தமில்லாமல் நகர்ந்தது. யாராவது தும்மினால் தூக்கிவாரிப் போட்டது. நான் பென்சிலைச் சீவவேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லம், தொண்டை மறுபடி வலிக்கிறது, பெடாஸ் டிரெசரிடம்தான் காட்ட வேண்டும் என்றாள். எனக்கும் தலைவலி என்றேன். இருவரும் பஸ் ஏறினோம். அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போதே உள்ளே பெருங்கூச்சல். யாரோ ஒரு கிழவி, "அது அப்படி இல்லைய்யா, நல்லாக் கேட்டுக்க!" என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அப்பிடியோ?" என்றது அந்தக் குரல். எனக்கு முன்னால் முப்பது பேர் இருப்பார்கள். ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் மேலும் எனக்குத் தாங்க முடியாத பொறாமையாக இருந்தது.