வீட்டு எண் கேட்ட பார்சல்

ஊருக்கு ஒருவர் இருக்கிறார்: தம்மை யாராலும் ஏமாற்ற முடியாது என்று நம்புகிறவர். ஏமாந்தவர்களை அவர் திட்டுவதில்லை. அவர்களுக்காக வருந்துவார், அது இன்னும் மோசம். விடிந்ததும் கைப்பேசியை எடுத்து, 'உங்கள் பார்சல் நிற்கிறது, இந்த லிங்கை அழுத்தவும்' என்ற குறுஞ்செய்தியை நம்பிப் பறிகொடுத்தவர் கதையைத் தேடிப் பிடித்து, அதன் தலையில் மூன்று சிவப்பு விளக்குப் படங்களை ஒட்டி, குடியிருப்போர் சங்கத்துக்கும், சர்ச் பாடகர் குழுவுக்கும், மைத்துனருக்கும், மைத்துனரின் சம்பந்திக்கும் அனுப்பிய பிறகே சாயா குடிப்பார். யாராவது படிக்கிறார்களா? அது அவர் கவலை இல்லை.

ஒல்லூர் லோனப்பன் இந்த இனத்தின் நல்ல மாதிரி. முப்பது வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். அவருடைய பாடம் சுருக்கமானது: அவசரப்படுத்தினால் பொய், லிங்க் அனுப்பினால் பொய், அற்பத் தொகை கேட்டால் பெரும் பொய். ஞாயிறன்று சங்கக் கூட்டத்தில் இதையே அரைமணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருந்தார். வீட்டில் தினமும் ஒத்திகை. கேட்பவர் மனைவி த்ரேசியா. அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஜின்ஸி, அம்மாவுக்குக் காதுக்கருவி அனுப்பி இரண்டு வாரமாகிறது. த்ரேசியாவின் கண் வாசலிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் லோனப்பனுக்குச் செய்தி வந்தது. 'முகவரியில் வீட்டு எண் இல்லை. ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் பார்சல் திருப்பி அனுப்பப்படும். கட்டணம் இருபத்தைந்து ரூபாய்.' கீழே ஒரு லிங்க்.

அவர் பாடத்தின் மூன்று பொய்களும் அங்கே வரிசையாக நின்றன. பார்த்தாரா? 'வீட்டு எண் இல்லை' என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. அந்த ஊரில் முகவரிக்கு யார் எண் எழுதுகிறார்கள்? வீட்டுப்பெயர், சர்ச்சுக்கு அருகில், அவ்வளவுதான். இந்தக் காலத்துப் பார்சல்காரர்களுக்கு வீட்டுப்பெயரின் அருமை தெரியாது என்று பத்து வருடமாகச் சொல்லி வருகிறார். இதோ, ஒருவன் எழுத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டான்! நாம் ஏற்கெனவே நம்புவதைத் திருப்பிச் சொல்பவனிடம் நாம் சான்று கேட்பதில்லை.

வங்கி அட்டையின் எண்ணை அடித்தார். வங்கியிலிருந்து வந்த ரகசிய எண்ணையும் அடிக்க விரல் எழுந்தபோது த்ரேசியா எட்டிப் பார்த்தார். கேட்க முடியாதவர் கிடைத்ததையெல்லாம் படிப்பார். லோனப்பனின் எச்சரிக்கைகளை ஒன்று விடாமல் படித்த ஒரே ஜீவன் அவர்தான்.

"மனுஷா! என்ன காரியம் பண்றீங்க?"

"உன் மிஷின் திரும்பிப் போயிரும்டி!" லோனப்பன் ஆறு விரல்களைக் காட்டிக் கத்தினார். "ஆறு மணி நேரந்தான்!"

"அவசரப்படுத்தினா பொய்னு நேத்து அனுப்பினது யாரு, உங்க ஆவியா?"

"அது... மத்தவங்களுக்கு."

"நம்ம வீட்டுக்குப் பார்சல் கொண்டு வர்றவன் என்னைக்காவது நம்பர் கேட்டிருக்கானா? சர்ச் முக்குல நின்னு, 'சேட்டா, வலமா இடமா'ன்னு உங்களுக்குத்தானே போன் பண்ணுவான்? ஜின்ஸிகிட்ட ரசீது நம்பர வாங்கி கம்பெனிக்கு நீங்களே பேசுங்க. முதல்ல பேங்க்ல சொல்லிக் கார்டை நிறுத்துங்க. குடுங்க இங்க!"

கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் சர்ச் முக்கிலிருந்து போன் வந்தது: "சேட்டா, வலமா இடமா?"

ஞாயிறன்று லோனப்பன், 'என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது' என்று தொடங்கி, பிரமாதமாகவே பேசினார். முன்வரிசையில் த்ரேசியா புதுக்கருவியோடு ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். 'நண்பர்' வரும்போதெல்லாம் கருவியைக் கழற்றித் துடைத்தார்.

நீங்கள் அப்படியில்லைதான். ஆனால் இதைப் படிக்கும்போது, 'அவருக்கு உடனே அனுப்ப வேண்டும்' என்று ஒரு முகம் நினைவுக்கு வந்ததல்லவா? தாராளமாக அனுப்புங்கள். முதலில் அந்தச் சாயாவைக் குடியுங்கள், ஆறிக்கொண்டிருக்கிறது.