பெரியண்ணன் படித்த ஜப்பான் கதை

ஆடி முதல் தேதியன்று மல்லசமுத்திரம் பெரியண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். ஆவணி பிறக்கும்போது தம் பட்டியில் ஓர் ஆட்டுப் புழுக்கைகூடக் கிடக்கக் கூடாது.

முடிவை டீக்கடையில் சொன்னார். சலூனில் சொன்னார். அரிசி மில்லில் சொன்னார். மனைவி வசந்தாமணியிடம் மட்டும் சொல்லவில்லை. படை எடுப்பவன் எதிரியிடமா போய் நாள் கேட்பான்?

பக்கத்து வீட்டுப் பாலசுந்தரம் ஆவணியில் போர்வெல் லாரி ஒன்று இறக்குவதாக இருந்தார். கூட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அந்த எண்பதுகளில் போர்வெல் போடும் ரிக் வண்டியில் பங்கு வைத்திருப்பவனுக்கு எங்கள் பக்கத்தில் தனி நடை உண்டு. சட்டை வெளுத்துவிடும். குரல் தடித்துவிடும். "முதலாளி" என்று கூப்பிட்டால் இரண்டாம் கூப்பாட்டுக்குத்தான் திரும்புவான். பெரியண்ணன் அப்படித் திரும்புவதைக் கண்ணாடி முன் நின்று பழகியும் பார்த்துவிட்டார். பங்குக்கு வழி ஒன்றுதான். ஆடுகளை விற்க வேண்டும்.

ஆனால் ஆடுகள் அவருடையவை அல்ல. வசந்தாமணி மேச்சேரிப் பக்கத்துப் பெண். கல்யாணத்தன்று அவள் அப்பா ஒரு செவலைப் பெட்டையையும் ஒரு கிடாய்க்குட்டியையும் கயிறு கட்டி மகள் பின்னால் அனுப்பிவைத்தார். அவை பெருகிப் பட்டி நிறைந்துவிட்டது. பிறந்த வீட்டுச் சீராக வந்த ஆட்டை விற்க வேண்டுமானால், அதன் கயிற்றை அந்தப் பெண்தான் வியாபாரி கையில் கொடுக்க வேண்டும். புருஷன் கொடுத்தால் எந்த வியாபாரியும் தொடமாட்டான். தொட்டால் அவன் மந்தை விளங்காது. பெரியண்ணன் ஓமலூர் வரைக்கும் போய் விசாரித்துப் பார்த்தார். தெய்வ பயம் இல்லாத ஆட்டு வியாபாரி ஒருவன்கூட அகப்படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஜப்பான் புத்தகம் வந்து சேர்ந்தது.

பாலசுந்தரத்தின் மச்சினன் கப்பலில் வேலை பார்ப்பவன். லீவில் வந்தவன் அக்காள் சாலம்மாள் வீட்டில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனான். பெட்டியில் செங்கல் தடிமனுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் படம். வாள் வைத்த இளைஞன், மந்திரக்கோல் வைத்த பெண், இறக்கை முளைத்த பாம்பு, குதிரை, மகுடம், கூடவே ஓர் ஆடு. எழுத்துதான் குப்பைமேட்டைக் கோழி கிளறிவிட்டதுபோல் இருந்தது. தெருவில் தினமும் பேப்பர் படிப்பவர் பெரியண்ணன் ஒருவர்தான் என்பதால் புத்தகம் அவரிடம் வந்தது.

"ஏனுங்க மாப்ள, உங்குளுக்குச் சப்பான் பாசை தெரியுங்களா?" என்று கேட்டார் பாலசுந்தரம்.

"பாசை என்னத்துக்குங்க மச்சான்? படமே பேசுது. கேக்கறவனுக்குக் காது இருந்தாப் போதும்."

புத்தகத்தை நாமெல்லாம் திறக்கிற மாதிரித்தான் அவரும் திறந்தார். ஜப்பான்காரர்கள் வலது கைப் பக்கமிருந்து ஆரம்பிப்பார்கள், நமக்குக் கடைசி அட்டை அவர்களுக்கு முதல் அட்டை என்பதெல்லாம் மல்லசமுத்திரத்துக்கு அதுவரை வந்து சேராத சேதி.

சாயங்காலம் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் கதை தொடங்கியது. பாலசுந்தரமும் சாலம்மாளும் வந்தார்கள். வசந்தாமணி ஒரு குட்டிக்கு உண்ணி பிடுங்கிக்கொண்டே கேட்டாள்.

"இந்தாப் பாருங்க, மொதப் படம். மகுடம் ராணி தலைல இருக்குது. அடுத்த படத்துல ராசா அதுல கைய வெக்கறான். அதுக்கு அடுத்ததுல மகுடம் அவன் தலைல. ஆம்பளைன்னா இப்படி இருக்கோணும்."

"பொறகென்னங்க ஆச்சு?" என்றாள் சாலம்மாள்.

"பொறகு கெட்டான். எதனால கெட்டான்? பொண்டாட்டி பேச்சக் கேட்டுக் கெட்டான். அவ கை நீட்டி வழி காட்டறா பாருங்க. அடுத்த பக்கத்துல குதிரை போச்சு. அதுக்கடுத்து வாள் போச்சு."

"ஏனுங்க, பாம்பு ஒடம்புல இருக்கற அம்பு அடுத்த படத்துல வில்லுல இருக்குதே?" என்றாள் வசந்தாமணி.

"பெரிய மனசு. பாவம்னு உருவி எடுத்துக்கிட்டான்."

"எரிஞ்சு கெடந்த ஊடு இங்க ஓலை குறையாம நிக்குதே?"

"மறுபடி கட்டிக்கிட்டான். நம்மளாட்ட வருசக் கணக்காவா கட்டுவான்? சப்பான்காரன் சுறுசுறுப்பு."

பாலசுந்தரம் எட்டிப் பார்த்தார். "பக்கத்து நெம்பரு கொறஞ்சுட்டே வருதுங்களே மாப்ள?"

"ராக்கெட் உடறவன் எப்படிங்க மச்சான் எண்ணுவான்? மேல இருந்து கீழதானே? வெவரமானவன் எண்ணறதே அப்படித்தான்."

படித்தவர்களிடம் வாய் கொடுக்கும்போது இதுதான் சங்கடம்.

நாளுக்கு ஒரு கட்டமாக அரசன் இறங்கிக்கொண்டே வந்தான். பட்டு போய்ப் பருத்தி வந்தது. பருத்தி போய்க் கந்தல் வந்தது. மீசைகூட உதிர்ந்து முகம் மொழுக்கென்று ஆகிவிட்டது. கவலைதான் காரணம் என்றார் பெரியண்ணன். கடைசிப் பக்கத்தில் ஒரு குடிசை வாசல். அதில் அவன் ஓர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"பாத்தீங்களா?" பெரியண்ணன் புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "பொம்பள பேச்சக் கேட்ட ராசாவுக்கு என்ன மிஞ்சுச்சு? ஆடு! கடல் தாண்டி இருக்கறவனுக்கே இது தெரிஞ்சிருக்குது. ஆட்டக் கட்டிட்டு அழுவறவன் உருப்படவே மாட்டான்."

வசந்தாமணி கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். முதல் பக்கத்துக்குப் போனாள். அங்கே அரசனுக்குப் பக்கத்தில் கொம்பு சுருண்ட கிடாய் ஒன்று நின்றது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. மறுபடி கடைசிப் பக்கம். குட்டியின் நெற்றியிலும் அதே சுட்டி.

"இந்தக் கெடாய்தானுங்களே அது?"

"அதேதான்."

"அது எப்படிங்க குட்டியாச்சு?"

"மந்திரவாதி சாபம்," என்றார் பெரியண்ணன்.

"அப்படிங்களா," என்றாள் வசந்தாமணி. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. மனைவி கேள்வியை நிறுத்திவிட்டால் கணவன் பயப்பட வேண்டும். பெரியண்ணன் சந்தோஷப்பட்டார்.

மறுவாரம் அவளாகவே வந்தாள். "ஏனுங்க, அந்தக் கதையே நெனப்பா இருக்குதுங்க. ஆட்டக் குடுத்தரலாம்."

பெரியண்ணனுக்குக் காபி புரையேறியது. "நெசமாவா அம்மிணி?"

"நெசந்தானுங்க. கதைல நடந்தது எதுவோ, அதுப்படியே நம்மூட்டுலயும் நடக்கட்டும். நான் கட்டுப்படறேன். நீங்களும் கட்டுப்படறதாச் சத்தியம் பண்ணிப்போடுங்க. நாளைக்கு ஒருத்தர ஒருத்தர் கொறை சொல்லக்கூடாது பாருங்க."

கரும்பு தின்னக் கூலியா? ஆட்டு வியாபாரி சென்றாயனை அன்றைக்கே வரவழைத்தார். அவனையும் பாலசுந்தரத்தையும் சாட்சி வைத்து, திருச்செங்கோட்டு மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தார். தன் உடம்பில் பாதியைப் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்ட சாமி அந்த மலையில் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை.

"ஆவணி மொத வெள்ளிக்குக் கயித்தக் கையில குடுக்கறனுங்க," என்றாள் வசந்தாமணி சென்றாயனிடம். "அதுக்கு மொதல்ல வார ஞாயித்துக்கெழம சாலக்கா ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க. டெக்குல படம் போடறாங்க."

பாலசுந்தரத்துக்குப் புது வண்டி இறங்கப்போகிற குஷி. சாலம்மாளுக்குக் கலர் டீவியில் படம் பார்க்கிற ஆசை. திருச்செங்கோட்டிலிருந்து வாடகைக்கு டீவியும் கேசட் போடும் டெக்கும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஜன்னல்களில் ஜமக்காளத்தைக் கட்டித் தொங்கவிட்டார்கள். தெருவே திரண்டு வந்து உட்கார்ந்தது. ஒரு தமிழ்ப் படம் ஓடி முடிந்தது. எழுந்து வேட்டியை உதறப்போன பெரியண்ணனைச் சாலம்மாள் தடுத்தாள்.

"இருங்க தம்பி, எங்க போறீங்க? உங்க படம் இன்னும் இருக்குது."

"என்ற படமா?"

"என்ற தம்பி பொட்டில அந்தப் புத்தகத்தோட கேசட்டும் இருந்துச்சு. சப்பான்ல அதைப் பொம்மைப் படமா டீவியில உட்டாங்களாம். அட்டையில அதே பையன், அதே ஆடு. வசந்தாதான் எடுத்து வெக்கச் சொன்னா."

பெரியண்ணன் நெஞ்சை நிமிர்த்தி முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். தம் கதையைத் தெருவே பார்க்கப்போகிறது. பின்னால் திரும்பி, "கவனமாப் பாருங்க. மொதல்ல மகுடம் வரும்," என்றார்.

முதலில் குடிசை வந்தது.

மீசை முளைக்காத பையன் ஒருவன் தோளில் ஆட்டுக்குட்டியோடு குடிசை வாசலில் நின்றான்.

"யோவ், கேசட்டத் திருப்பிப் போட்டுட்டய்யா!" என்று கத்தினார் பெரியண்ணன்.

டெக் கொண்டுவந்த ஆள் கொட்டாவி விட்டான். "திருப்பிப் போட்டா உள்ளயே போவாதுங்க."

படம் ஓடியது. பேச்சு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. மந்திரக்கோல் வைத்த பெண் கையை நீட்டினாள். பையன் அந்தப் பக்கம் போனான், வாள் கிடைத்தது. மறுபடி கை நீட்டினாள். போனான், குதிரை கிடைத்தது. ஒருதரம் மட்டும் அவள் போகாதே என்று தலையாட்டியும் கேட்காமல் போனான். இறக்கைப் பாம்பு வந்து வீட்டை எரித்துவிட்டது. பிறகு புத்தி வந்து அவள் சொன்ன இடத்தில் நின்று அம்பை விட்டான். அம்பு வில்லிலிருந்து புறப்பட்டு, அம்புகள் வழக்கமாகப் போகிற திசையிலேயே போய்ப் பாம்பின்மேல் பாய்ந்தது. குட்டி கிடாயாயிற்று. கொம்பு சுருண்டது. பையனுக்கு மீசை வந்தது. மகுடமும் வந்தது.

"ராக்கெட்டு மேலதான் போகுதுங்க மாப்ள," என்று பாலசுந்தரம் காதோரம் சொன்னார்.

பெரியண்ணன் மெதுவாக எழப் பார்த்தார். "உக்காருங்க, மறைக்குது," என்று தெருவே அதட்டியது.

கடைசிக் காட்சி. அரசன் தன் மகுடத்தை இரண்டு கையாலும் கழற்றினான். அந்தப் பெண்ணின் தலையில் வைத்தான். கும்பிட்டுவிட்டுத் தள்ளி நின்றான். கிடாய் ஒருமுறை கத்தியது. படம் முடிந்தது.

ஜமக்காளத்தை அவிழ்த்தார்கள். வெளிச்சம் நேராகப் பெரியண்ணன் முகத்தில் வந்து விழுந்தது.

"சத்தியத்துக்கு நானும் சாட்சிங்க," என்று தொண்டையைச் செருமினான் சென்றாயன். "கதைப்படி பாத்தா ஆட்ட விக்கவே இல்லீங்களே. நான் அப்பறம் எதுக்குங்க இங்க? வாரனுங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வசந்தாமணி கூட்டத்துக்கு நடுவே எழுந்து வந்து கையை நீட்டினாள். படத்தில் அந்தப் பெண் நீட்டியதுபோலவே இருந்தது.

"என்ன அம்மிணி?"

"நம்மூட்டுல மகுடத்துக்கு எங்கீங்க போறது? பணப் பொட்டிச் சாவியக் குடுங்க. மலையப் பாத்துச் சத்தியம் பண்ணியிருக்கீங்க."

கல்யாண நாளிலிருந்து பெரியண்ணனின் அரைஞாண் கயிற்றைவிட்டு இறங்காத சாவி அது. ஊர் பார்க்க அவிழ்த்துக் கொடுத்தார். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்ட கையோடு வசந்தாமணி பாலசுந்தரத்திடம் திரும்பினாள்.

"அண்ணா, வருசா வருசம் கெடாய்க்குட்டி மட்டும் வித்தாலே பங்குக்குத் தேறும். பெட்டையெல்லாம் பட்டியிலயே நிக்கட்டும். வண்டில என்ற பேரப் போட்டுக்கங்க."

"சரிங்க மொதலாளி," என்றார் பாலசுந்தரம். வசந்தாமணி முதல் கூப்பாட்டுக்கே திரும்பிவிட்டாள்.

ஆவணியில் வண்டி இறங்கியது. கணக்குப் பார்க்கவும் ஆள் பிடிக்கவும் வசந்தாமணி பாலசுந்தரம் வீட்டுக்குப் போய்வர வேண்டியிருந்ததால், ஆடு மேய்க்கிற வேலை பெரியண்ணனுக்கு வந்து சேர்ந்தது. ஒருநாள் சாயங்காலம் நொண்டிக் குட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டிக்குத் திரும்பினார். வாசலில் வசந்தாமணி நின்றிருந்தாள்.

"நான் படிச்ச கதை தப்புன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"மொத நாளேங்க. எந்தப் பட்டியிலீங்க கெடாய் குட்டியாவும்? அப்பவே நாஞ்சொல்லியிருந்தா, ஆடு மேய்க்கறவளுக்குச் சப்பான் பாசை தெரியுமான்னு கேட்டிருப்பீங்க."

பெரியண்ணன் தோளில் கிடந்த குட்டியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னாலிருந்த வீட்டைப் பார்த்தார். அந்தப் புத்தகத்தின் உண்மையான முதல் பக்கத்தில் தாம் நிற்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. முகம் மலர்ந்தது.

"அப்படீன்னா, ஏம்புள்ள, நீ சொல்றதயெல்லாம் கேட்டு நடந்துட்டே வந்தா, கடைசிப் பக்கத்துல நான் ராசா ஆயிருவேனில்ல?"

"கடைசிப் பக்கத்துல மகுடம் யாரு தலைல இருந்துச்சுன்னு மறந்துட்டீங்களா? குட்டிய எறக்கி உட்டுட்டுத் தண்ணி காட்டுங்க."