எங்கள் வீட்டு ஒரு பெட் ஆஸ்பத்திரி

என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த லீவு 1966 மழைக்காலத்தில் நிமோனியா ரூபத்தில் வந்தது. அதைச் சீக்கிரத்தில் முடித்துக்கொள்வதில்லை என்று படுத்த படுக்கையிலேயே முடிவெடுத்தேன்.

அப்போது அந்தமான் தீவில், ரங்கத்தில் நான், பக்தவத்சலம், ரோடு போடும் ஆபீசில் ஸ்டோர் கிளார்க். ஊரில் மழைக்கும் அட்டைக்கும் பஞ்சமில்லை. மற்றதெல்லாம் கப்பலில் வரவேண்டும். ஆஸ்பத்திரியில் பத்து பெட். அந்த மழைக்குப் பதினேழு பேர் படுத்திருந்தார்கள்.

டாக்டர் பாபு வங்காளி. என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, என் மனைவி மரகதத்திடம் இந்தியில் சொன்னார்: "பெட் நஹி ஹை, பஹன்ஜி. பெட் இல்லை. வீட்டிலேயே வைத்துப் பார்ப்போம். ஆஸ்பத்திரி மருந்து, ஆஸ்பத்திரி நர்ஸ். கட்டில் மட்டும் உங்களுடையது."

முதல் மூன்று நாள் எனக்கு நினைவே இல்லை. மூச்சு இழுத்தால் விலாவில் கத்தி இறங்கியது மட்டும் ஞாபகம். நாலாம் நாள் கண் விழித்தபோது மரகதம் தரையில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். என் மணிக்கட்டை விடவில்லை. அவளுடைய ஐந்து விரலும் அதில் பதிந்திருந்தன. கேட்டால், கொசு கடித்த தடம் என்பாள்.

எனக்குக் காய்ச்சல், அவளுக்குக் காய்ச்சுகிற வேலை. சிரிஞ்சைக் காய்ச்சினாள், தண்ணீரைக் காய்ச்சினாள், கஞ்சியைக் காய்ச்சினாள். காலையிலும் மாலையிலும் நர்ஸ் ரீத்தா குடையும் சேறுமாக வந்து பென்சிலின் போட்டாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். சுருக்கமாகத்தான் பேசுவாள்.

"வீடு எப்படிண்ணே இருக்கு, ஆஸ்பத்திரியை விட?"

"சொர்க்கம் சிஸ்டர். பக்கத்து பெட்காரர் இருமல் இல்ல. கேட்டா கேட்டது வருது."

"அதான் எங்களுக்குப் பயம். ஆஸ்பத்திரியில பதினேழு பேரை நான் மிரட்டுவேன். வீட்டுல ஒருத்தரு எங்களை மிரட்டுவாரு."

டாக்டர் பாபுவுக்கும் ஒரு கருத்து இருந்தது. "வீட்டில் நோயாளி நன்றாகத் தூங்குவான், நன்றாகச் சாப்பிடுவான். குணமாகிவிட்டது என்று மட்டும் சொல்லமாட்டான்."

பெரிய மனிதர். என்னைத்தான் சொல்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

எட்டாம் நாள் காய்ச்சல் நின்றது. எனக்குத் துக்கமாகிவிட்டது. கோழி ரசம், காலுக்குத் தைலம், தலைமாட்டில் ரேடியோ. இதையெல்லாம் விட்டுவிட்டு மழையில் நனைந்துபோய் தார் டிரம் எண்ணுவதா? மரகதம் அடுப்படிக்குப் போனதும் தெர்மாமீட்டரை ஆறிக்கொண்டிருந்த டீயில் நனைத்தேன்.

"நூத்தி ரெண்டு," என்றாள் மரகதம்.

"அப்படியா? எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. இன்னிக்கும் கோழியா?"

"கோழிதான். ஊசியும் உண்டு."

அன்று மாலை ரீத்தா கைவிரித்தாள். பதினேழு பேர் இருபத்திரண்டாகிவிட்டார்களாம். "இனிமே அக்காவே போடட்டும். நான் சொல்லித் தர்றேன்."

முதல் ஊசி என் எலும்பை விசாரித்துவிட்டுத் திரும்பியது. இரண்டாவது பாதியில் யோசித்து நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கோழி ரசத்துக்காக மனிதன் எதையும் தாங்குவான். தினம் இரண்டு ஊசி, பத்து நாள். கடைசியில் அவள் குத்தியதும் தெரியாது, எடுத்ததும் தெரியாது. ஆனால் பழைய ஊசிகள் எல்லாம் சேர்ந்து என்னை உட்காரவிடவில்லை. ஊசி தொடங்கிய பதினோராம் நாள் தோற்றேன்.

"மரகதம், காய்ச்சல் விட்டுடுச்சு."

"நல்லதுங்க," என்றாள்.

மறுநாள் காலை குளித்து, நல்ல புடவை கட்டி, சிரிஞ்சு டப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு புறப்பட்டாள். அன்று ஆரம்பித்த நடை அது. நாங்கள் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பும்வரை பதிமூன்று வருஷம், ரங்கத்தில் அவள் ஊசி போடாத வீடு இல்லை. தமிழர், வங்காளி, தெலுங்கர் எல்லோருக்கும் அவள் 'ஊசி தீதி', அதாவது ஊசி அக்கா. அவள் நடந்த சேற்றுப்பாதைகள் இப்போதும் என் கண்ணில் நிற்கின்றன.

அன்று வாசலில் மறித்துக் கேட்டேன். "எங்கே கிளம்பிட்டே?"

"பொன்னம்மா வீட்டுக்கு. அவளுக்கும் நிமோனியா. பெட் இல்ல. என்னைப் போகச் சொல்லி டாக்டர் பாபு சொல்லிட்டாரு. கஞ்சி காய்ச்சி வைங்க."

எனக்கு ரோஷம் வந்தது. உண்மையைச் சொல்லி அவளைத் திகைக்க வைக்க நினைத்தேன்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? இந்தப் பத்து நாளா எனக்குக் காய்ச்சலே இல்ல. எல்லாம் டீ."

"தெரியுமே. நூத்தியாறு காட்டின அன்னிக்கு நீங்க முறுக்கு தின்னுக்கிட்டிருந்தீங்க. டாக்டர் பாபு, ரீத்தா, எல்லாருக்கும் தெரியும்."

"அப்போ என்ன மருந்தைக் குத்தினே?"

"சத்து ஊசிங்க. வலிக்கும், கெடுதல் இல்ல."

"தெரிஞ்சுமா இருபது ஊசி போட்டே? எதுக்கு?"

குடையை விரித்துக்கொண்டே சொன்னாள்: "கை பழக வேண்டாமா? பொன்னம்மா பாவம், நிஜமாவே நோயாளி."