பாவுக்கு அடியில் நான்

உவமை சொல்லிக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. செல்போன் பேசிக்கொண்டு ஓட்டினால் அபராதம் போடுகிறார்கள். உவமைக்கு யாரும் போடுவதில்லை. போட்டிருந்தால், முத்தியால்பேட்டையில் ஒரு தெருவே வேடிக்கை பார்க்க நான் தரையில் தவழ்ந்திருக்க மாட்டேன்.

எனக்கு அந்த வியாதி நெடுநாளாக உண்டு. குழம்பில் உப்பு கூடிப்போனால்கூட வாழ்க்கையோடு ஒப்பிட்டுத்தான் மன்னிப்புக் கேட்பேன். (கணவர் மன்னிப்பை ஏற்றுக்கொள்வார், ஒப்பீட்டை ஏற்றதில்லை.) மகள் யாழினி நுழைவுத் தேர்வுக்குத் தயாரான வருடம் வியாதி முற்றிவிட்டது. வேலையைச் சமமாகப் பிரித்துக்கொண்டோம்: அவள் படித்தாள், நான் பயந்தேன். பயம் வந்தால் எனக்கு உவமை ஊறும். அந்த வருடம் என்னிடம் அகப்பட்டவர் நெசவாளி. "நீளவாட்டில் ஓடும் பாவு, கடவுள் போட்டது. குறுக்கே ஓடும் ஊடை, உன் உழைப்பு. நெசவாளி நீ!" என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். தறியையோ பாவையோ நான் கண்ணால் பார்த்ததில்லை. அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

தேர்வு மையம் டவுனுக்குத் தெற்கே. எட்டரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் ஒரு வருடப் படிப்பு வெளியே நிற்க வேண்டியதுதான். அதனால் கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டை விட்டு விடிந்ததுமே கிளம்பிவிட்டோம். தெருமுனையில் கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று சந்தேகம். திரும்பினேன், மூடியிருந்தது. மறுபடி கிளம்பினோம். மூடியிருந்ததைச் சரியாகப் பார்த்தேனா என்று சந்தேகம். மறுபடி திரும்பினேன். இப்படியாக, சீக்கிரம் கிளம்பியதன் பலன் முழுவதையும் சிலிண்டருக்குக் கொடுத்துவிட்டு மெயின் ரோட்டுக்கு வந்தால், சாக்கடை வேலைக்காகக் குறுக்கே தோண்டிப் போட்டிருந்தார்கள். முத்தியால்பேட்டைச் சந்துகளில் புகுந்தேன்.

கிழக்கே பார்த்த தெரு. வெயில் நேராகக் கண்ணில் விழுந்தது. எதிரே ஏதோ பொன்னிறப் புகைபோல மின்னியது. இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கையை ஆட்டினார்கள். ஏதோ விசேஷம், வழிவிட்டு வரவேற்கிறார்கள் என்று நினைத்தேன். (பரீட்சைக்குப் போகிற பிள்ளை என்று முகத்திலேயே தெரிந்திருக்கும் என்றும் நினைத்தேன்.) நான் அப்போது யாழினிக்குச் சொல்லிக்கொண்டிருந்த உவமையில் பாவிலிருந்து ஊடைக்கு வந்திருந்தேன்.

"அம்மா, முன்னாடி பாரு."

"அதைத்தாண்டி நானும் சொல்றேன். வாழ்க்கையில எப்பவும் முன்னாடிதான் பாக்கணும்."

வீணைக் கம்பிகளை யாரோ கத்தையாகச் சுண்டியதுபோல ஒரு சத்தம். ஸ்கூட்டர் நின்றது. முகத்தில், ஹெல்மெட்டில், கையில் எல்லாம் கஞ்சி.

பொன்னிறப் புகை என்று நான் நினைத்தது, பாவு. வெந்தய நிறத்தில், தெருவின் பாதி நீளத்துக்கு மூங்கில் கால்கள்மேல் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் பிரஷ்ஷால் தேய்த்து இழை இழையாகப் பிரித்துவிட வேண்டுமாம். விட்டால் மொத்தமும் ஒட்டிக் கட்டையாகிவிடும், குப்பையில்தான் போட வேண்டும். ஒரு குடும்பத்தின் பல வாரத்துப் பிழைப்பு அது. அதன் நடுவில்தான் நானும் என் மகளும் ஸ்கூட்டரோடு நின்றோம்.

பின்னால் உருட்டப் பார்த்தேன்.

"அசையாத" என்று ஒரு குரல். என் வயதிருக்கும் ஒரு பெண், பிரஷ்ஷோடு வந்தாள். சரோஜா. பாவு அவளுடையது. "பிரேக்குல ஒரு கத்தை, கண்ணாடியில ஒரு கத்தை. அசைஞ்சின்னா மிச்சமும் போவும். ஏம்மா, கட்டியிருக்கறது பாலியஸ்டரு, ஏறி வந்தது எங்க பாவு மேலயா?"

யாழினிக்குப் பரீட்சை, எட்டரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று உளறினேன். வெட்டிவிடுங்கள் என்றும் கெஞ்சினேன்.

"வெட்டறதா? நீ வந்து விழுந்ததுக்கு அது என்னா பண்ணும்?" என்றவள், தெருக்கோடியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். அங்கே யாரோ கயிற்றைத் தளர்த்தினார்கள். பாவு மெல்லத் தொய்ந்தது. சரோஜாவின் விரல்கள் யாழினியின் பின்னலுக்குள் போய், சிக்கிய இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தன. திட்டிய வாய் வேறு யாருடையதோ என்பதுபோல அத்தனை மென்மை. யாழினி விடுபட்டதும், சரோஜாவின் கணவர் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்தார். பிறகு என் ஹெல்மெட்டையும் என்னையும் பிரித்தெடுத்தார்கள். பிரேக்கிலும் கண்ணாடியிலும் சிக்கியதை விடுவித்தும், வெளியே இழுத்தால் மற்றதும் அறும் என்று ஸ்கூட்டரை மட்டும் பாவுக்கு அடியிலேயே விட்டார்கள்.

என் கையில் இழைகளைப் பிரித்து வைக்கும் ஒரு குச்சியைக் கொடுத்து, நகராமல் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். என்னைச் சுற்றி அறுந்த இழைகளைப் பிணைத்தார்கள். ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்தது எது, அதன் ஜோடி எது என்று எனக்குத் தெரியவே இல்லை. அவர்கள் முந்தின நாள் சீரியலில் மாமியார் செய்தது நியாயமா என்று சண்டை போட்டுக்கொண்டே இரண்டு நுனியைத் தேடி எடுத்துத் திரித்தார்கள். திரித்த இடத்தைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தும் அடுத்த நொடியே அது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. 

அப்போதுதான் சரோஜா கேட்டாள்: "வர்றப்பவே பாவு, ஊடைன்னு உன் கொரலு கேட்டுச்சி. என்னா சொல்லிக்கிட்டு வந்த?"

 சீரியல் மாமியார்கூட நின்றுவிட்டார். கையில் குச்சியோடு, முகத்தில் கஞ்சியோடு, பாவு போடுபவர்கள் முன்னால் நான் அதை ஒப்பித்தேன். கடவுள் போட்ட பாவு என்று சொன்னபோது ஒரு பெண் இருமினாள்.

"கடவுளு எங்க போட்டாரு? விடியக்காலைலேருந்து நாங்க இத்தினி பேரும் நிக்கறோம்" என்றாள் சரோஜா. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "எங்க புள்ளைங்க பரிச்சைக்குப் போவறப்ப நாங்க இதெல்லாம் சொல்றதில்ல. பேனா எடுத்துக்கிட்டியான்னு கேப்போம். அவ்ளோதான்."

பேனா.

நான்கு பேனா, இரண்டு தண்ணீர் பாட்டில், ஹால்டிக்கெட். எல்லாவற்றையும் பத்திரமாக ஒரு கவரில் போட்டு ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தது நான்தான். சொல்ல வாயெடுப்பதற்குள் பைக் திரும்பி வந்தது. பெண் கேட்டில் அழுதுகொண்டு நிற்கிறாள், ஹால்டிக்கெட் இல்லாமல் விட மாட்டேன் என்கிறார்கள், இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்றார் சரோஜாவின் கணவர்.

என் ஸ்கூட்டர் சீட், சாவி போட்டு இடது பக்கம் ஒரு குத்து விட்டால்தான் திறக்கும். அந்தக் குத்து எனக்கு மட்டும்தான் தெரியும். குச்சியை யாரோ வாங்கிக்கொள்ள, நான் மண்டியிட்டுப் பாவுக்கு அடியில் தவழ்ந்தேன். முதுகில் கஞ்சி சொட்டியது. ஸ்கூட்டர் பக்கத்தில் போய் அண்ணாந்து பார்த்தேன்.

அதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. என்னிடம் உவமை இல்லாமல் போன ஒரே இடம் அது. வானம் முழுக்க இழை. ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், ஒன்றும் தனியாக இல்லாமல், ஒவ்வொன்றிலும் வெயில்.

"சீட்டத் தொறந்தா மேல இடிக்குமே" என்றார் யாரோ.

"தூக்கு" என்றாள் சரோஜா.

தெரு முழுவதும் ஒன்றாகக் குனிந்து மூங்கில் கால்களைப் பிடித்துத் தூக்கியது. பாவு ஒரு முழம் எழும்பியது, ஒரு இழைகூட ஆடாமல். நேரமாகிறதே என்று யாரும் முணுமுணுக்கவில்லை. ஈரம் காய்ந்துகொண்டிருந்தது அவர்களுடைய பாவில். அவர்கள் தூக்கிப் பிடித்தது என் மகளுக்காக. நான் குத்தினேன். திறந்தது. கவர் கை மாறி, பைக் கிளம்பிப் போனது.

கேட்டைப் பூட்டுகிறபோது யாழினி உள்ளே போய்விட்டாளாம். கஞ்சியில் விறைத்த பின்னலோடு எழுதினாள். பக்கத்துப் பையன் மூன்று மணி நேரமும் அந்தப் பின்னலையே பார்த்தான் என்பது அவள் புகார். பாவும் பிழைத்தது. பிழைத்துவிட்டது என்று சரோஜா வாயால் சொல்லும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பிறகு அந்தப் பாவில் நெய்த சேலை ஒன்றைச் சரோஜாவிடம் கேட்டு வாங்கினேன். நான் அறுத்த இடம் எங்கே என்று கண்ணாடி போட்டு முந்தானை வரைக்கும் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. சரோஜாவிடம் கேட்டால், "தெரிஞ்சா அது வேலையா?" என்கிறாள்.

யாழினி கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தேன். பஸ் புறப்படப் போகிறது. பயம் வந்தது, வந்தால் எனக்கு என்ன ஊறும் என்று வீட்டுக்கே தெரியும். "வாழ்க்கைங்கறது..." என்று ஆரம்பித்தேன். கணவர் பாவைத் தூக்கத் தயாராவதுபோல் கைகளைத் தேய்த்துக்கொண்டு குனிந்தார்.

யாழினி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "எடுத்துக்கிட்டேம்மா" என்று பேனாவைக் காட்டினாள்.